கல்யாண வீடியோவுக்கு எந்த டிஸ்க்? மலிவானதும் நிலைப்பதும்

செட்டிநாட்டு வீடுகளில் கல்யாணம், சாந்தி, படைப்பு என்று எது நடந்தாலும் வீடியோ எடுப்பது வெகுகாலமாக உள்ள வழக்கம். முதலில் விஎச்எஸ் கேசட், அப்புறம் விசிடி, அதற்குப் பிறகு டிவிடி. கேசட்டில் பூஞ்சை பிடிக்கிறது என்று பயந்து, 2000க்குப் பிறகு எல்லோரும் அவசர அவசரமாக டிஸ்குக்கு மாற்றினார்கள். மாற்றிய கையோடு கேசட்டைத் தூக்கிப் போட்டவர்களும் உண்டு. இப்போது அந்த டிஸ்குகள் ஒவ்வொன்றாக நின்றுபோகின்றன. காரைக்குடியில் பழைய கேசட்டையும் டிஸ்கையும் புதிதாக மாற்றித் தரும் வேலை என்னுடையது. வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: திரும்பவும் டிஸ்கில்தான் போடணுமா, போட்டால் எதில் போடுவது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடையில் உதிரியாகக் கிடைக்கிற பெயரில்லாத டிஸ்கில் எதையும் போடாதீர்கள். சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கவும் டிவியில் போட்டுப் பார்க்கவும் நல்ல கம்பெனி டிவிடி+ஆர் (ஒரு தடவை மட்டும் எழுதக்கூடிய டிவிடியில் ஒரு வகை) போதும். பிள்ளைகள் காலத்துக்கும் இருக்க வேண்டிய பிரதியை மட்டும், பதிவாகும் அடுக்கில் சாயம் இல்லாத டிஸ்கில் போடுங்கள். அதாவது எம்-டிஸ்க், இல்லாவிட்டால் சாயமில்லாத ப்ளூரே. அதே வீடியோ இன்னொரு ஊரில் ஒரு ஹார்ட் டிஸ்கிலும் இருக்கட்டும். இப்படிச் சொல்வதற்குக் காரணம் டிஸ்கின் உள்ளே இருக்கிறது. உறைமேல் அச்சடித்த பெயரில் இல்லை.

படம் ஓடுகிறது, கல்யாணம் ஓடவில்லை

2007 வாக்கில் மோசர் பேர் நிறுவனம் படங்களை விசிடி 28 ரூபாய்க்கும் டிவிடி 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. தமிழ்ப் படங்களும் அந்த விலைக்கு வந்து குவிந்தன. அப்படி வாங்கிய படத் தட்டு பல வீடுகளில் இன்றைக்கும் ஓடுகிறது. அதே காலத்தில் எழுதிக் கொடுத்த கல்யாண டிவிடி ஓடுவதில்லை. பிளேயரில்தான் கோளாறு என்று நினைத்துப் புது பிளேயர் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

கோளாறு பிளேயரில் இல்லை. படத் தட்டு அச்சில் வார்த்து எடுப்பது. பிளாஸ்டிக்கிலேயே நுண்ணிய பள்ளங்களாகப் படம் பதிந்திருக்கும், அதன்மேல் அலுமினியம் பூசியிருப்பார்கள். நாம் ரைட்டரில் எழுதுகிற டிஸ்கில் பள்ளம் எதுவும் இல்லை. பிளாஸ்டிக்குக்கும் வெள்ளிப் பூச்சுக்கும் நடுவே ஒரு மெல்லிய சாயம் இருக்கிறது. லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டுக்கொண்டே போகும். சுட்ட இடம் ஒரு மாதிரியும் சுடாத இடம் வேறு மாதிரியும் ஒளியைத் திருப்பி அனுப்பும். பிளேயர் படிப்பது அந்த வித்தியாசத்தைத்தான். வருஷம் போகப் போக வெப்பமும் வெளிச்சமும் ஈரமும் சுடாத சாயத்தையும் மாற்றிக்கொண்டே வரும். வித்தியாசம் குறையும். கடைசியில் எது சுட்டது, எது சுடாதது என்று பிளேயரால் பிரிக்க முடியாமல் போகும்.

இது ஒரே நாளில் நடப்பதில்லை, ஆனால் பார்ப்பவருக்கு ஒரே நாளில் நடந்த மாதிரித்தான் தெரியும். ஒவ்வொரு டிஸ்கிலும் பிழை திருத்தும் கணக்கு சேர்த்தே எழுதப்படுகிறது. ரீட்-சாலமன் முறை என்று அதற்குப் பெயர். கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டு வருவதை அந்தக் கணக்கு மறைத்துக்கொண்டே இருக்கும். அதன் எல்லை தாண்டிய அன்றைக்கு, போன தீபாவளிக்கு ஓடிய டிஸ்க் இந்தப் பொங்கலுக்கு நிற்கும். 'இப்போதுதானே பார்த்தோம்' என்று யார் சொன்னாலும் அது பொய்யில்லை.

உதிரி டிஸ்க்

50, 100 என்று டப்பாவில் வந்து, அதிலிருந்து எண்ணி எடுத்துக் கொடுக்கிறார்களே, அந்த டிஸ்க்தான் பெரும்பாலான கல்யாண ஆல்பங்களின் பின்பக்கப் பையில் இருப்பது. பார்வைக்கு எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். விலையில் மிச்சம் பிடித்தது எங்கே என்று உள்ளே பார்த்தால்தான் தெரியும். வெள்ளிப் பூச்சு மெலிந்திருக்கும், மேலே போடும் வார்னிஷ் குறைந்திருக்கும், சாயம் சீராகப் பரவியிருக்காது. ஒரு தொழிற்சாலையில் தேறிய சரக்கு கம்பெனிப் பெயரிலும், தேறாத சரக்கு பெயரில்லாமலும் வெளியே போவது இந்த வியாபாரத்தில் உள்ளதுதான். அதனால் ஒரு டப்பா நன்றாக இருந்தது என்று அடுத்த டப்பாவை நம்ப முடியாது. சில சமயம் ஒரே டப்பாவுக்குள்ளேயே மேல் டிஸ்கும் கீழ் டிஸ்கும் வேறு வேறாக இருக்கும்.

ஒன்றை எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நல்ல டிஸ்கில் வெளிச்சம் வந்தாலும் மங்கலாக, எல்லா இடத்திலும் ஒரே அளவாக வரும். மட்டமான டிஸ்கில் ஊசியால் குத்தினாற்போலப் பொட்டுப் பொட்டாக ஒளி தெரியும். அந்தந்தப் பொட்டில் பூச்சே இல்லை. அப்புறம் விளிம்பைப் பாருங்கள். வார்னிஷ் ஓரம்வரை வந்து மூடியிருக்க வேண்டும். மூடாத டிஸ்கில் வெள்ளிப் பூச்சு வெளிக்காற்றில் நிற்கும். சில வருஷம் கழித்துப் பார்த்தால் அந்த ஓரத்திலிருந்து பழுப்பு நிறம் உள்ளே ஏறிக்கொண்டு வருவதைக் கண்ணாலேயே காணலாம்.

இது நம் வீடுகளுக்குப் புதிய சங்கதி இல்லை. பெட்டகத்தில் வைத்த வெள்ளிச் சாமான் வருஷம் கழித்து எடுக்கும்போது கறுத்திருக்கிறதே, டிஸ்கில் நடப்பதும் அதேதான். காற்றில் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆகிறது. சாமானைத் துலக்கி எடுத்துவிடலாம், டிஸ்குக்குள் இருக்கிற வெள்ளியைத் துலக்க வழி கிடையாது. இத்தனைக்கும் உலோகம் அரிப்பதைப் பற்றியும் ஆராய்கிற, 1948இல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி நம் ஊரில்தான் இருக்கிறது. அதன் மதில் ஓரமாகத் தினமும் போய் வருகிற நாம், வீட்டு வீடியோவை மெலிந்த வெள்ளிப் பூச்சை நம்பிப் போட்டு வைத்திருப்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

சிடியில் இன்னொரு ஆபத்து உண்டு. பலருக்கும் கீழ்ப்பக்கம் கீறாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்ற எண்ணம். ஒரு சிடி 1.2 மில்லிமீட்டர் தடிமன். அதில் ஏறக்குறைய முழுவதும் கீழ்ப்பக்கத்துப் பிளாஸ்டிக்தான். சாயமும் வெள்ளியும் மேல்பக்கத்தில், படம் அச்சடித்த பக்கத்துக்கு அடியில், மெல்லிய வார்னிஷ் மட்டும் போர்த்திக்கொண்டு இருக்கின்றன. கீழே விழுந்த கீறலைத் தேய்த்துச் சரி செய்யலாம். மேலே விழுந்த கீறல் விழுந்ததுதான்.

தேவகோட்டையிலிருந்து ஒரு ஆச்சி மகள் கல்யாண விசிடிகளைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றின் மேலும் பொண்ணு மாப்பிள்ளை படம் போட்ட வட்ட ஸ்டிக்கர். "கையே படலையேப்பா, பெட்டகத்துலதானே வச்சிருந்தேன்" என்றார்கள். சொன்னது அத்தனையும் உண்மை, கீழ்ப்பக்கத்தில் ஒரு கீறல்கூடக் கிடையாது. ஆனால் ஸ்டிக்கர் காய்ந்து சுருங்கி ஓரம் எழும்பியிருந்தது. எழும்பிய இடத்தில் பிறை வடிவத்துக்கு வெள்ளிப் பூச்சும் கூடவே உரிந்து ஸ்டிக்கரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் டிஸ்க் வெறும் பிளாஸ்டிக். வைத்துப் பார்த்தால் என் விரல் மறுபக்கம் தெரிந்தது. சிடியில் எழுத்து உள்வட்டத்தில் தொடங்கி வெளியே போவது. அதனால் திருப்பூட்டுதல் வரை பிழைத்துக்கொண்டது. பொண்ணை அனுப்பி வைக்கிற இடம் ஓரத்தில் இருந்தது, அது போய்விட்டது. "ஸ்டிக்கரை எடுத்துட்டா ஓடுமாப்பா?" என்று கேட்டார்கள். எடுத்தால் மிச்சமும் போகும், ஆச்சி, தொடவே வேண்டாம் என்றேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஸ்டிக்கர் ஒட்டிய சிடி இருந்தால் உரிக்காதீர்கள், அப்படியே காப்பி எடுக்கக் கொடுங்கள்.

கம்பெனி டிவிடி

டிவிடியின் உடல் வேறு மாதிரி. 0.6 மில்லிமீட்டர் தகடு இரண்டைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். எழுதும் அடுக்கு நடுவில் இருக்கும். ஆகவே மேலே கீறினால் சிடியைப் போல உடனே சாகாது. ஆனால் பசை மோசமாக இருந்தால் தகடுகள் ஓரத்தில் பிரியும், காற்றும் ஈரமும் நுழையும். உறையின் நடுக்குமிழை அழுத்தாமல், டிஸ்கின் ஓரத்தைப் பிடித்து வளைத்து இழுக்கிறவர்கள் பசைக்குக் கேடு செய்கிறார்கள்.

சரி, கம்பெனிப் பெயரைப் பார்த்து வாங்கினால் போதுமா? ஒரு காலத்தில் ஓரளவுக்குப் போதும். எழுதும் சிடியை 1988இல் உருவாக்கிய ஜப்பானின் தையோ யூடென் நிறுவனத்தின் டிஸ்குகளைத் தேடிப் பிடித்து வாங்கியவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். அந்நிறுவனம் 2015 முடிவில் டிஸ்க் தயாரிப்பை நிறுத்திவிட்டது. நொய்டாப் பக்கம் ஆலை வைத்து உலகத்துக்கே டிஸ்க் அனுப்பிய மோசர் பேர் 2017இல் திவால் நடவடிக்கைக்குப் போய், 2018இல் கலைக்க உத்தரவானது. அசோ என்ற வகைச் சாயத்துக்குப் பெயர் போன வெர்பேட்டிம் 2019 முதல் தைவானின் சிஎம்சி மேக்னெட்டிக்ஸ் கைக்குப் போனது. இன்று கடையில் வேறு வேறு பெயரில் நிற்கிற டிஸ்குகளில் பெரும்பங்கு ஒன்றிரண்டு ஆலைகளிலிருந்தே வருகிறது. பெயர் ஒருவருடையது, தயாரிப்பு வேறொருவருடையது.

உண்மையான தயாரிப்பாளர் யார் என்பது டிஸ்கிலேயே எழுதியிருக்கிறது. மீடியா கோட் என்று சொல்வார்கள். டிஸ்கை ரைட்டரில் போட்டு, இம்ஜிபர்ன் மாதிரி ஒரு இலவச மென்பொருளைத் திறந்தால் அந்தக் குறியீடு தெரியும். எம்சிசி என்று தொடங்கினால் மிட்சுபிஷி கெமிக்கல் வழி வந்தது, சிஎம்சி மேக் என்றால் சிஎம்சி, ரைடெக் என்றால் ரைடெக், எம்பிஐ என்றால் மோசர் பேர். குறியீட்டைப் போலியாகப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் உறையைவிட இது நம்பத் தக்கது. உங்களுக்கு எழுதித் தருகிறவரிடம் 'என்ன மீடியா கோட்?' என்று கேளுங்கள். கேட்டவுடன் பார்த்துச் சொல்கிறவர் என்றால் வேலையைத் தைரியமாக ஒப்படைக்கலாம்.

பழைய சரக்கையும் கவனிக்க வேண்டும். எழுதாத டிஸ்குதானே, கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று தோன்றும். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2003இல் வெளியிட்ட கையேடு, எழுதாத டிஸ்கின் அலமாரி ஆயுளை 5 முதல் 10 ஆண்டு என்று கணக்கில் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. சாயம் எழுதும் முன்பும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. மூடிய கடையின் மிச்சச் சரக்கு என்று மலிவாக வருகிற பழைய டப்பாவுக்கு இதனால்தான் நான் கை நீட்டுவதில்லை, அது எவ்வளவு நல்ல பெயராக இருந்தாலும்.

டிவிடி+ஆர், டிவிடி-ஆர் என்று இரண்டு இருக்கிறதே, கூட்டல் போட்டதா, கழித்தல் போட்டதா? கூட்டல். பழம்பொருள்களைப் பேணிக் காப்பதற்கான கனடா நிறுவனம் வெளியிட்டிருக்கும் ஆயுள் பட்டியலில் சாதாரண டிவிடி-ஆர் 10 முதல் 20 ஆண்டு, டிவிடி+ஆர் 20 முதல் 50 ஆண்டு என்று இருக்கிறது. நல்ல டிஸ்கை, நல்ல இடத்தில் வைத்தால் உள்ள கணக்கு அது. உதிரி டிஸ்குக்கு இந்த எண் பொருந்தாது. இரண்டுக்கும் கடையில் விலை வித்தியாசம் பெரிதாக இல்லாதபோது எதற்காகக் குறைந்ததை வாங்க வேண்டும்? திரும்பத் திரும்ப எழுதுகிற ஆர்டபிள்யூ டிஸ்க் வேண்டாம். 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிவிடியும் வேண்டாம், அதே பட்டியலில் அதற்கு 5 முதல் 10 ஆண்டுதான்.

தங்கம் பூசியது

அந்தப் பட்டியலின் உச்சியில் நிற்பது, ஆச்சரியமாக, பழைய சிடிதான். ப்தாலோசயனைன் சாயமும் தங்கப் பூச்சும் உள்ள சிடி-ஆர், 100 ஆண்டுக்கு மேல். தங்கம் கந்தகத்துக்கு அசையாது. ப்தாலோசயனைன் சாயங்களில் கெட்டியானது. ஆரம்ப காலத்து சயனைன் சாயம் வெளிச்சம் பட்டால் சீக்கிரம் தளர்ந்துவிடும். டிஸ்கின் கொள்ளளவு கூடுவதற்கும் ஆயுள் கூடுவதற்கும் சம்பந்தமில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனால் 700 எம்பியில் வீடியோ என்ன கொள்ளும்? புகைப்படமும் ஆவணமும் என்றால் இது அருமையான தேர்வு. கிடைப்பதுதான் கஷ்டம். நம் பக்கத்துக் கடைகளில் பார்க்க முடியாது. வரவழைக்க முடிந்தவர்கள் வரவழையுங்கள். தங்க நிறத்தில் அச்சடித்த சாதா டிஸ்கைத் தங்கப் பூச்சு என்று நினைத்து ஏமாறக் கூடாது, அவ்வளவுதான்.

சாயமே இல்லாதவை

என் மனசு சாய்கிற பக்கம் இதுதான், அதனால் இதன் குறையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எம்-டிஸ்க் என்பது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மில்லேனியாட்டா நிறுவனம் கொண்டுவந்தது. இதில் கரிமச் சாயத்துக்குப் பதிலாகக் கனிமப் பொருள் அடுக்கு இருக்கிறது. லேசர் அதில் உண்மையாகவே பள்ளம் போடுகிறது. சாயம் மங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. 2009இல் அமெரிக்கக் கடற்படையின் சைனா லேக் ஆய்வகம் இதையும் வேறு ஐந்து பெயர் பெற்ற டிவிடிகளையும் 85 டிகிரி வெப்பத்திலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் கடும் வெளிச்சத்திலும் வைத்துச் சோதித்தது. மற்றவை எல்லாம் தோற்றன, இது மட்டும் நின்றது. வெப்பம், ஈரம், வெளிச்சம் மூன்றும் நமக்குச் சொந்தப் பிரச்சினைகள் என்பதால் இந்தச் சோதனை எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1000 ஆண்டு என்று விளம்பரம் செய்தார்களே, அந்த எண்ணை நம்பி வாங்கச் சொல்லமாட்டேன். நமக்கு வேண்டியது பேரன் பேத்தி கல்யாணம் வரை.

இதை எழுதுவதற்கு எம்-டிஸ்க் அடையாளம் போட்ட ரைட்டர் வேண்டும். படிப்பதற்கு எந்த டிவிடி டிரைவும் போதும். இப்போது வெர்பேட்டிம் பெயரில் ப்ளூரே வடிவத்திலும் வருகிறது.

சாதாரண ப்ளூரே ஆர் டிஸ்கில் இரண்டு ஜாதி உண்டு. முதலில் வந்த வகையில் சாயம் இல்லை. செம்பும் சிலிக்கனும் போன்ற கனிம அடுக்குகள் லேசர் சூட்டில் ஒன்றாகக் கலந்து பதிவாகின்றன. இரண்டாவது, விலையைக் குறைக்கவென்று பழைய டிவிடி ஆலைகளிலேயே சாயம் போட்டுச் செய்தது. உறையில் எல்டிஎச் என்று எழுதியிருக்கும். எல்டிஎச் எழுதிய ப்ளூரேயை எடுக்கவே எடுக்காதீர்கள். ப்ளூரே விலை கொடுத்து மறுபடியும் சாயத்தை வாங்குவதில் என்ன இருக்கிறது?

குறை என்னவென்றால், நான் மேலே சொன்ன கனடாப் பட்டியல் ப்ளூரேக்கு, சாயமுள்ளது, இல்லாதது என்று பிரிக்காமல், 5 முதல் 10 ஆண்டுதான் தருகிறது. தயாரிப்பாளர்கள் சொல்வதற்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. பதிவாகும் பொருள் உறுதியானதாக இருந்தாலும், ப்ளூரேயில் எழுத்து கீழ்ப்பக்கத்திலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது, எழுத்தும் மிக நெருக்கம். 25 ஜிபி அந்தத் தட்டில் அடங்குகிறது என்றால் சின்னச் சேதமும் நிறையக் கொண்டுபோகும். ஆகவே ப்ளூரேயை எழுதிப் பூட்டிவிட்டு மறந்துவிட முடியாது. சில வருஷத்துக்கு ஒரு தடவை முழுவதும் படித்துச் சோதிக்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்ய ஆள் இல்லாத வீடு என்றால் எம்-டிஸ்க் டிவிடியே மேல்; 4.7 ஜிபிதான் கொள்ளும், கேசட்டிலிருந்து வந்த வீடியோவுக்கு அது தாராளம்.

இன்னொன்று, காலம் குறுகிக்கொண்டு வருகிறது. பானசோனிக் 2023 பிப்ரவரியில் எழுதும் ப்ளூரே தயாரிப்பை நிறுத்தியது. சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. புது லேப்டாப்களில் பெரும்பாலும் டிஸ்க் டிரைவ் இல்லை. டிஸ்கில் போடுவதென்று முடிவு செய்தால் யுஎஸ்பியில் செருகுகிற ரைட்டர் ஒன்றையும் வாங்கி டிஸ்கோடு சேர்த்து வையுங்கள்.

ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ், கிளவுட்

பென் டிரைவ் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு, வைத்திருப்பதற்கு அல்ல. மின்னேற்றமாகச் சேமித்தது கசியும். அதுவும் மலிவு பென் டிரைவை இரண்டு மூன்று வருஷம் செருகாமல் வைத்திருந்து நம்புவது சரியில்லை. கிளவுட் நல்லதுதான், மாசாமாசம் பணம் கட்டுகிறவரும் பாஸ்வேர்டு தெரிந்தவரும் இருக்கும் வரை. ஹார்ட் டிஸ்க் கொள்ளளவுக்கு ஈடு இல்லை. ஆனால் சுழலும் உறுப்பு உள்ள எதுவும் ஒருநாள் நிற்கும், நிற்கும்போது மொத்தமாக நிற்கும். டிஸ்கில் ஒன்று போனால் ஒன்றுதான் போகும். எழுதி முடித்ததை வைரஸோ, தவறுதலாக அழுத்திய விரலோ அழிக்க முடியாது. பாதி வருஷம் பூட்டிக் கிடந்து, திருவிழாவுக்கும் பிள்ளையார் நோன்புக்கும் மட்டும் திறக்கிற வீட்டில் கரண்ட் இல்லாமலே இருக்கக்கூடியது என்ற வகையில் டிஸ்குக்கு இன்னும் இடம் இருக்கிறது. ஒன்றை விட்டு ஒன்று என்று இல்லாமல் இரண்டும் வேண்டும் என்பது அதனால்தான்.

எழுதுவதிலும் வைப்பதிலும்

நல்ல டிஸ்கைக் கெடுக்க அவசரம் போதும். 16 மடங்கு வேகம் என்று போட்ட டிவிடியை 16இல் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை, 8 சரியாக இருக்கும். மிகவும் குறைத்து 1, 2 என்று எழுதுவதும் சில டிஸ்குக்கு ஒத்துவராது, ஏனென்றால் அதன் சாயம் அதிக வேகத்துக்கென்று அமைக்கப்பட்டது. எழுதி முடித்ததும் சரிபார்க்கும் வேலையைக் கட்டாயம் ஓடவிட வேண்டும். பிழை அளவை எண்ணிக் காட்டும் மென்பொருள்கள் உண்டு. எழுதிய அன்றே ஒரு தடவை எடுத்து வைத்தால், ஐந்து வருஷம் கழித்து எடுப்பதோடு ஒப்பிட்டு டிஸ்க் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். டிவிடிசாஸ்டர் என்ற மென்பொருள் மிச்ச இடத்தில் கூடுதல் திருத்தக் கணக்கை எழுதிவைக்கும். பதிவு 4.7 ஜிபியை முழுக்க நிரப்பாமல் இருந்தால் இதைச் செய்யாமல் விடவே கூடாது. ஓரத்தில்தான் டிஸ்க் முதலில் கெடும் என்பதாலும் கொஞ்சம் காலியாக விடுவது நல்லது.

பெயர் எழுத ஸ்டிக்கர் கூடாது, பால்பாயிண்ட் கூடாது. தண்ணீர் மையுள்ள மார்க்கரால், நடு ஓட்டையைச் சுற்றியுள்ள தெளிந்த வட்டத்தில் மட்டும் எழுதுங்கள். ஆல்பத்தோடு வரும் மெல்லிய பிளாஸ்டிக் பை சூட்டில் டிஸ்கோடு ஒட்டிக்கொள்ளும். கெட்டி உறையில் செங்குத்தாக நிறுத்துங்கள்.

நிஸ்ட் கையேடு 4 முதல் 20 டிகிரியும், 20 முதல் 50 சதவீத ஈரப்பதமும் கேட்கிறது. காரைக்குடியில் 20 டிகிரி மார்கழி விடியற்காலையில்கூடக் கஷ்டம்தான். ஆனால் நம் வீடுகளைக் கட்டியவர்கள் வெப்பத்தை நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். கனத்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயர்ந்த கூரை, நடுவில் முற்றம் என்று கட்டிய வீட்டில் இரண்டாம் கட்டுக்கு உள்ளே இருக்கிற கீழ்த்தள அறை, சித்திரை வெயிலிலும் பெரிதாக ஏறி இறங்காது. டிஸ்குக்கு ஏற்ற இறக்கம்தான் பெரிய பகை. மேல்மாடி அறையும், ஓட்டுக்கு அடியில் உள்ள இடமும், வெயில் விழுகிற முகப்பு அலமாரியும் கூடாது. ஐப்பசி கார்த்திகையில் சுண்ணாம்புச் சுவர் ஈரம் இழுக்கும். அதனால் சுவரை ஒட்டி வைக்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட இறுக்கமான டப்பாவில் வைத்து, வருஷத்துக்கு ஒரு தடவை பொட்டலத்தை மாற்றுங்கள்.

யாருக்கு எது

கேசட் இன்னும் கையில் இருக்கிறது என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். முதலில் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஹார்ட் டிஸ்கில் ஒன்று, எம்-டிஸ்க் டிவிடியில் ஒன்று. பார்ப்பதற்கு டிவிடி+ஆர். கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

இனிமேல் நடக்கப் போகிற கல்யாணத்துக்கு 4கே வீடியோ முழுவதையும் டிஸ்கில் அடக்க முயல வேண்டாம், நூற்றுக்கணக்கான ஜிபி வரும். முழுப் பதிவு இரண்டு ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும், வெட்டித் தொகுத்த வீடியோவை மட்டும் சாயமில்லாத ப்ளூரேயில் எழுதுங்கள். பந்தலுக்கும் பூவுக்கும் ஆகிற செலவோடு பார்த்தால் அந்த டிஸ்கின் விலை கணக்கிலேயே வராது.

பர்மா, மலேயாக் கணக்குப் பேரேடு, இசைகுடிமானம் என்கிற கல்யாணப் பதிவுச் சீட்டு, பழைய கடிதம், பெரியவர்களின் புகைப்படம் இருக்கிற வீடுகள் வீடியோவுக்கு முன்னால் அவற்றை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். இடம் குறைவாகப் பிடிக்கும், ஒரு ப்ளூரேயில் ஒரு வீட்டின் காகிதம் முழுவதும் அடங்கலாம். தங்கப் பூச்சு சிடி கிடைத்தால் முக்கியமானவற்றை அதிலும் போடுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த புத்தகங்கள் 1992இல் அவர் மறைந்த பிறகு சென்னைக்குப் போய் நூலகமாகி, மைக்ரோஃபிலிமாகவும் எடுக்கப்பட்டதால்தான் இன்று உலகத்துக்கு எட்டுகின்றன. காகிதம் ஓரிடத்தில், படம் இன்னோரிடத்தில் என்று இரண்டு வடிவத்தில் இருப்பது பெரிய பலம்.

ஏற்கெனவே எழுதிய உதிரி டிஸ்குகள் மட்டுமே இருக்கின்றன என்றால், புது டிஸ்க் எது என்று யோசிப்பதற்கு முன் அதைக் காப்பாற்றுங்கள். மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள், சுற்றித் துடைக்காதீர்கள். பற்பசை வேண்டாம். பிளேயரில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். நேராகக் கம்ப்யூட்டருக்குக் காப்பி எடுங்கள். ஒரு டிரைவ் படிக்காத டிஸ்கை இன்னொரு டிரைவ் படிப்பது சாதாரணம், அதனால் மூன்று நான்கு டிரைவ் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். டிடிரெஸ்க்யூ போன்ற மென்பொருள் படித்த பகுதியை எடுத்து வைத்துக்கொண்டு, படிக்காத பகுதிக்குத் திரும்பத் திரும்பப் போகும். வேறு டிரைவில் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு டிஸ்குக்கு ஒரு ராத்திரி முழுவதும் ஆகலாம். வீட்டில் இருபது இருந்தால், பெயரில்லாத டிவிடியும் ஸ்டிக்கர் ஒட்டிய சிடியும் முதலில் போகட்டும். கம்பெனி டிஸ்குகள் அடுத்த தடவை ஊருக்கு வரும்வரை பொறுக்கும்.